இடது பின் சக்கரம்

நுரைக்காரரின் கடை வாசலில் ஒரு பலகை தொங்கியது. "இங்கே அடைத்த ஓட்டை மறுபடி திறக்காது. திறந்தால் கடை உங்களுக்கு." எழுதியது ஒரு பெயிண்டர். வாசகம் நுரைக்காரருடையது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஒரு கைப்பம்பும் அரைப்பை ரப்பர் துண்டுமாக அந்த ஊருக்கு வந்து இறங்கியவர் அவர். யார் கையையும் பிடித்து மேலே வந்தவர் இல்லை. பதினெட்டு வருடமாகப் பலகை தொங்குகிறது. கடையைக் கேட்டு ஓர் ஆள் வந்ததில்லை.

நுரைக்காரர் என்ற பெயர் சோப்புத் தண்ணீரால் வந்தது. மற்ற கடைக்காரர்கள் டயரைத் தொட்டித் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடுவார்கள். பெரிய ஓட்டைக்கு அது போதும். மெல்லக் கசியும் காற்றுக்கு அது போதாது. துணி சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, ஒரு நாள் ஆறவிட்டு, பழைய சவரத் தூரிகையால் டயர் முழுக்கத் தடவுவார் அவர். குளிக்கிற சோப்பு பெரிய குமிழி விட்டு உடைந்துபோகும். துணி சோப்பின் நுரை சின்னதாக எழும்பி, எழும்பிய இடத்திலேயே பிடிவாதமாக நிற்கும். எங்கே நுரை நிற்கிறதோ அங்கே ஓட்டை. அவ்வளவுதான் தொழில். ஆனால் அந்த அவ்வளவையும் வேறு யாரும் செய்யவில்லையே!

அவருடைய தங்கையின் வீடு ஊருக்கு வெளியே, சுரங்கக் கம்பெனியின் குடியிருப்பு வரிசையில் மூன்றாவது. வீட்டின் பின்கதவைத் திறந்தால் பாதி வானம்தான் தெரியும். மீதியைக் கரை மறைத்து நிற்கும். சுரங்கத்தில் கல்லைக் கழுவிய தண்ணீரை எல்லாம் தேக்கிவைத்த குளத்தின் மண்கரை அது. ஐந்து மாடி உயரம். அந்தத் தண்ணீரில் மீன் இல்லை, பாசி இல்லை. பறவை தெரியாமல் இறங்கினாலும் சூடு பட்டதுபோல் எழுந்து போய்விடும்.

தங்கையின் கணவர் அந்தக் கரைக்குக் காவல். தினமும் காலையில் ஏ.டி.வி. வண்டியில் கரையின் அடிப்பாதையில் அந்தக் கோடிவரை போய், மேல்பாதையில் திரும்பி வருவார். பைக்கின் கைப்பிடியும் நாலு தடித்த சக்கரமும் உள்ள வண்டி. மேடு, பள்ளம், கல், மண் எதிலும் ஏறும். வெடிப்பு இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் குறிப்பது அவர் வேலை.

ஒருநாள் அவர் வண்டியோடு கடைக்கு வந்தார்.

"மச்சான், நாலு டயரும் தேஞ்சு போச்சு. இந்தத் தடவை மேல பெரிய பெரிய பட்டன் துருத்திக்கிட்டு நிக்குமே, அது போடுங்க. சேத்துல ஓட்டுற டயர்."

"சேத்து டயரா? உனக்கெதுக்கு மாப்ளே சேத்து டயர்? நீ ஓட்டுறது காஞ்ச சரளைப் பாதை. அதுல அந்த டயரைப் போட்டா வண்டி குதிரை மாதிரி குலுக்கும். மூணு மாசத்துல பட்டன் எல்லாம் தேஞ்சு மொட்டையாயிடும்."

"இல்ல மச்சான், ஒரு இடத்துல லேசா வழுக்குது..."

"வழுக்குறது டயரா, ஓட்டுறவனா?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்து வைத்தார்.

டயர் தேர்ந்தெடுப்பதில் நுரைக்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டி எந்த மண்ணில் ஓடுகிறதோ அந்த மண்ணில் ஒரு பிடி கொண்டுவரச் சொல்வார். உள்ளங்கையில் போட்டு இறுக்கிப் பிடித்துத் திறப்பார். பொலபொலவென்று உதிர்ந்தால் ஒரு டயர், கட்டியாக நின்றால் ஒரு டயர், விரலிடுக்கில் பிதுங்கினால் ஒரு டயர். விற்பனைக்கு வருகிற படித்த பிள்ளைகள் படம் போட்ட புத்தகத்தை விரிப்பார்கள். இவர் கையை விரிப்பார். இவர் சொன்னது தப்பியதில்லை.

மறுநாள் மாப்பிள்ளை ஒரு பையில் மண் கொண்டுவந்தார். காய்ந்த சரளை. கையில் நிற்கவே இல்லை.

"பாத்தியா? நான் சொன்னதுதான். சின்னப் பட்டன், நெருக்கமா வெச்சது, ஆறு அடுக்கு. கல்லு குத்தினாலும் தாங்கும்."

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். பழைய டயர்களைக் கழற்றும்போது இடப்பக்க ரிம்களின் ஓரத்தில், டயரின் வாய் வந்து கவ்வுகிற இடத்தில், மாவு தூவியதுபோல் லேசாக வெள்ளை படிந்திருந்தது. நுரைக்காரர் அதைத் துணியால் துடைத்துவிட்டுப் புது டயரை ஏற்றினார். பிற்பாடு அவர் வாழ்நாளில் அதிகம் நினைத்துப் பார்த்தது அந்தத் துணியைத்தான்.

ஒன்பதாம் நாள் வண்டி திரும்ப வந்தது.

"மச்சான், இடது பின் சக்கரம் காலையில பாத்தா தொஞ்சு கிடக்கு."

இந்த வண்டிக்குக் காற்று நாலரை பவுண்டுதான். கார் டயருக்கு முப்பது வைக்கிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுடைய கேஜில் பத்துக்குக் கீழே கோடே கிடையாது. நுரைக்காரர் இதற்கென்றே ஒரு சின்ன கேஜ் வைத்திருந்தார். நாலரையில் இரண்டு குறைந்தால் பாதி உயிர் போன மாதிரி. அப்படிப்பட்ட சக்கரத்தோடு சரிவில் குறுக்கே போனால் டயர் ரிம்மை விட்டு நழுவும், வண்டி உருண்டுவிடும். அவர் வைத்துப் பார்த்தபோது முள் இரண்டைக் காட்டியது.

டயரின் பட்டை முழுக்க நுரை தடவினார். ஒன்றுமில்லை. வால்வின் உள்பின்னை மாற்றினார். வால்வின் அடியில் தடவினார். ஒன்றுமில்லை. கடைசியில் ரிம்மும் டயரும் சேர்கிற விளிம்பில் தடவியபோது, பால் குடித்த குழந்தையின் கடைவாயில் இருப்பதுபோல் ஒரு துளி நுரை எழுந்து நின்றது.

முறையாகச் செய்தால் டயரைக் கழற்றி ரிம்மைப் பார்க்க வேண்டும். அவர் குனிந்திருந்தார். பின்னால் மூன்று வண்டிகள் காத்திருந்தன. மாப்பிள்ளை பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மச்சான், போட்டு ஒம்பது நாள்தான் ஆகுது. கடைச் சாவி எங்க இருக்கு?"

காத்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவரைக் கெடுத்தது.

"முள்ளு குத்தியிருக்கு. என் வேலையில ஒண்ணும் கோளாறு இல்ல," என்றார். எல்லோரும் போன பிறகு வால்வு வழியே பஞ்சர் ஜெல்லை ஊற்றிச் சக்கரத்தைச் சுழற்றினார். கொழகொழவென்ற பச்சைக் கூழ் உள்ளே பரவி ஓட்டையை அடைக்கும். ஓட்டை இருப்பதும் தெரியாது, ஏன் வந்தது என்பதும் தெரியாது. மற்ற கடைகளில் யாராவது ஜெல் ஊற்றினால், "வேலை தெரியாதவன் வெக்கிற பிளாஸ்திரி" என்று கேலி செய்தவர் அவர்.

காய்ந்த சரளையில் முள் எங்கிருந்து வரும் என்று மாப்பிள்ளையும் கேட்கவில்லை.

பதினோரு நாள் கழித்து இடது முன் சக்கரம் இறங்கியது. அதற்கும் ஜெல். "இன்னொரு முள்ளு," என்றார். இந்த முறை மாப்பிள்ளை கேலி பேசவில்லை. முகம் ஒரு மாதிரி இருந்தது. நுரைக்காரர் அதைக் கவனித்தும் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு டயருக்குத் திரும்புமே.

அடுத்த பன்னிரண்டாம் நாள் இடப்பக்கச் சக்கரம் இரண்டும் ஒன்றரை பவுண்டில் நின்றன. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, காது கேளாதவர் தலையைச் சாய்த்துக் கேட்பதுபோல் கடை வாசலில் நின்றது. நுரைக்காரர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார். நாலு சக்கரத்தையும் கழற்றினார். டயரின் வாயை நெம்புகோலால் விலக்கி, ஜெல்லை வழித்து, ரிம்களை வரிசையாகத் தரையில் கிடத்தினார்.

வலப்பக்க ரிம் இரண்டும் புதுப்பெண் மாதிரி பளபளத்தன. இடப்பக்க ரிம் இரண்டிலும், டயர் கவ்வும் விளிம்பு சுற்றிலும், கரையான் அரித்ததுபோல் பள்ளம் பள்ளமாக இருந்தது. பள்ளங்களில் வெள்ளைப் பொடி. பொடிக்கு மேலே காவி நிறத்தில் ஒரு கறை. நகத்தால் சுரண்டினார். உலோகம் செதிலாக வந்தது. அரித்த பள்ளத்தின் வழியாகத்தான் காற்று போயிருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனார். புளித்த வாடை.

உப்பில் ஓடிய வண்டி அவர் கைக்கு வந்திருக்கிறது. சாணத்தில், உரத்தில், சாக்கடையில் ஓடியவையும் வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் நாலு ரிம்மும் சேர்ந்துதான் அரிக்கும். ஒரு பக்கம் மட்டும் அரித்ததை அவர் பார்த்ததில்லை.

"மாப்ளே, அடிப்பாதையில போகும்போது கரை உனக்கு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"அன்னிக்குக் கொண்டுவந்த மண்ணு எங்க எடுத்தது?"

மாப்பிள்ளை ஷட்டரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"மேல்பாதையில. வாசல் பக்கமே இருந்துது. யாரு அவ்வளவு தூரம் போய் எடுக்குறதுன்னு..."

"வழுக்குதுன்னு சொன்னியே. அது எங்க?"

"கீழ. நம்ம வீட்டு வரிசைக்கு நேர் பின்னால. கரை ஓரமா கொஞ்சம் சொதசொதன்னு இருக்கும் மச்சான். பனின்னு நெனச்சேன்."

"ஒரு மாசமா பனியா பேயுது? தாள்ல எழுதினியா?"

"போன வருஷம் ஈரம்னு எழுதி, எல்லாரையும் கூட்டி, தோண்டிப் பாத்தா குடிதண்ணிக் குழாய் ஒடஞ்சிருந்துது. அதுலேர்ந்து என்னைக் குழாய் குழாய்ன்னுதான் கூப்பிடுறானுங்க. மறுபடியும் எப்படிப் போய்ச் சொல்றது?"

நுரைக்காரருக்குத் திட்ட வாய் வந்தது. வந்த வாயை மூடிக்கொண்டார். இவன் ஈரத்தை மறைத்தான், நான் காற்றை மறைத்தேன். முதல் ஜெல் ஊற்றிய நாளிலிருந்து விரல்விட்டு எண்ணினார். இருபத்து மூன்று நாள். அன்றைக்கே டயரைக் கழற்றியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"போய் அந்த இடத்து மண்ணை ஒரு பிடி கொண்டா. இப்பவே. என் பைக்குல போ."

முக்கால் மணி நேரத்தில் மண் வந்தது. மஞ்சளாக, கனமாக இருந்தது. உள்ளங்கையில் வைத்து இறுக்கினார். விரலிடுக்கில் தண்ணீர் வடிந்து முழங்கைவரை ஓடியது. பழைய சிராய்ப்பு ஒன்று சுரீரென்று எரிந்தது. குடிதண்ணீர் எரியாது.

கம்பெனி அலுவலகத்தில் கரைக்குப் பொறுப்பான பொறியாளர் ஒரு பெண். வயதில் தங்கையின் மகளாக இருக்கலாம். அவருடைய மேசையில் விரித்திருந்த வரைபடங்களின் மேலேயே நுரைக்காரர் இடப்பக்க ரிம் ஒன்றையும் வலப்பக்க ரிம் ஒன்றையும் வைத்தார். பின்னால் ஏழெட்டுப் பேர் எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை கதவோரம் நின்றார்.

"கசிவு அளக்குறதுக்காகக் கரைக்குள்ள இறக்கின குழாய்கள்ல தண்ணி மட்டம் சரியாத்தான் இருக்குங்க," என்றார் பொறியாளர். "டயர் இறங்குறதுக்கு நூறு காரணம் இருக்கலாமே? ஒட்டினது சரியில்லாம இருந்திருக்கலாம்."

அறையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். பலகை ஊருக்கே தெரியும். நுரைக்காரருக்குக் காது மடல் சூடேறியது. பதினெட்டு வருடம்.

"ஆமாங்க மேடம். ஒட்டினது சரியில்லதான். ரெண்டு தடவை இறங்குச்சு. ரெண்டு தடவையும் உள்ள பாக்காம ஜெல் ஊத்தி மூடினேன். முள்ளுன்னு பொய் சொன்னேன். என் வேலை தோத்துப் போச்சு. அதை நானே வந்து சொல்றேன்னா வேற என்ன காரணம் இருக்கும்னு பாருங்க. ஏன் ஒரு பக்கம் மட்டும் அரிச்சிருக்கு? கரைப் பக்கம் மட்டும்?"

சிரிப்பு நின்றது. பொறியாளர் இரண்டு ரிம்களையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார். வரைபடத்தில் விரல் வைத்தார். தங்கையின் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு குழாய்க்கும் அடுத்த குழாய்க்கும் நடுவே நீண்ட இடைவெளி இருந்தது. அங்கே அளப்பதற்கு ஒன்றுமில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கரையடியில் புல் மற்ற இடங்களைவிடப் பச்சையாக இருந்து, நடுவில் மட்டும் கருகியிருந்தது. பொறியாளர் குனிந்து, கசிவதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கினார். தண்ணீர் கலங்கியிருந்தது. அடியில் மண் தங்கியது.

"தெளிவா வந்தா கசிவுன்னு சொல்லலாம்," என்றார். குரல் இறங்கியிருந்தது. "மண்ணையும் சேத்துக் கொண்டுவருது. உள்ள வழி பண்ணிட்டு இருக்கு."

சாயங்காலத்துக்குள் வரிசையைக் காலி செய்யச் சொன்னார்கள். குளத்துத் தண்ணீரை வேறு குளத்துக்கு மாற்ற மோட்டார்கள் ஓட ஆரம்பித்தன. தங்கை இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏன்ணே, ஒரு சக்கரத்துல காத்து இறங்குச்சுன்னு குடித்தனத்தையே தூக்குவாங்களா? நீ பஞ்சர் ஒட்டத் தெரியாம கரை மேல பழியைப் போடுற."

"ஆமாம்மா. எனக்கு ஒட்டத் தெரியல. நீ மொதல்ல வண்டியில ஏறு."

அண்ணன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததைக் கேட்டுத்தான் அவள் பயந்தாள். ஏறினாள். அன்றிரவு கடைக்குப் பின்னால் இருந்த அண்ணன் வீட்டில் தங்கினார்கள்.

மறுநாள் காலை மாப்பிள்ளைக்கு வண்டி தேவைப்பட்டது. யாரும் உள்ளே போகாதபடி சுற்றிவர வேண்டும். நுரைக்காரர் இடப்பக்கத்துக்குப் புது ரிம் இரண்டு கொண்டுவந்தார். டயரின் வாயில் ஒட்டியிருந்த பழைய கூழையும் பொடியையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, கழுவி, காயவைத்து, விளிம்பில் ரப்பர் பசையைச் சுற்றிலும் ஒரே சீராகத் தடவி ஏற்றினார். காற்று அடித்ததும் டயரின் வாய் ரிம்மில் 'டப் டப்' என்று இரண்டு முறை உட்கார்ந்தது. நுரை தடவி, பக்கத்தில் குந்தி, கால் மணி நேரம் கண்ணெடுக்காமல் பார்த்தார். ஒரு குமிழி இல்லை. நாலரை. இந்த முறை அவர் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

உச்சி வெயிலில், கம்பெனி வாசலில் அவரும் மாப்பிள்ளையும் நின்றிருந்தபோது போன் வந்தது. பக்கத்துக் கடைக்காரர். "அண்ணே, உங்க தங்கச்சி ஆட்டோ பிடிச்சுப் போறாங்களே, சொல்லிட்டுத்தானா? தையல் மெஷினை விட்டுட்டு வந்துட்டேன்னு சொன்னாங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வரிசைக்குப் பின்வழி ஒன்று உண்டு. அங்கே காவல் இல்லை.

மாப்பிள்ளை வண்டியை உதைத்துக் கிளப்பினார். நுரைக்காரர் பின்னால் இருந்த இரும்புத் தட்டில் ஏறிக்கொண்டார். வண்டி வீட்டு வரிசையை நோக்கி இறங்கும்போதே கரையைப் பார்த்தார். மேல்விளிம்பு நேற்று கோடு போட்டதுபோல் இருந்தது. இன்று வீட்டு வரிசைக்கு நேரே தொட்டில் துணிபோல் லேசாகத் தொய்ந்திருந்தது. மோட்டார்களின் இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம், யாரோ பெரிய துணியை மெதுவாகக் கிழிப்பதுபோல்.

தங்கை வாசற்படியில் மெஷினைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். வீட்டின் உள்ளே, பின்கதவுக்கு அடியிலிருந்து மஞ்சள் தண்ணீர் சமையலறையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்துவிட்டது.

"ஒரு கை பிடிங்க, ரெண்டு பேரும் மரம் மாதிரி நிக்கிறீங்க!"

"அதை விடு!"

"என் சம்பாத்தியத்துல வாங்கினது!"

நுரைக்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றினார். பாதை ஏற்கனவே நீரில் மூழ்கிக்கொண்டிருந்தது. எதிரே மேட்டுச் சரிவு ஒன்றுதான் மிச்சம். மாப்பிள்ளை வண்டியைக் குறுக்கே திருப்பிச் சரிவில் ஏற்றினார். மூன்று பேர் பாரம். வண்டி இடது பக்கமாகச் சாய்ந்தது. பாரம் முழுவதும் இடது பின் சக்கரத்தில் இறங்கியது.

பின்னால் துணி கிழியும் சத்தம் நின்றது. அதற்கப்புறம் வந்ததைச் சத்தம் என்று சொல்ல முடியாது. தரையே ஒருமுறை மூச்சு விட்டது. தங்கை திரும்பிப் பார்த்து அலறினாள். நுரைக்காரர் திரும்பவில்லை. தட்டிலிருந்து குனிந்து, முழங்கால் உயரத்தில் பிதுங்கி நெளிகிற அந்த டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ரிம்மை விட்டு நழுவினால் மூன்று பேரும் கீழே. பட்டன்கள் ஈரமண்ணில் வழுக்கின, சேத்து டயர் போட்டிருக்கலாம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, வழுக்கின, மறுபடி கவ்வின. டயர் பிதுங்கியது. நழுவவில்லை.

மேட்டின் உச்சியில் மாப்பிள்ளை வண்டியை நிறுத்தினார். கைப்பிடியை விட அவருக்கு விரல் வரவில்லை. கீழே வீட்டு வரிசை இருந்த இடத்தில் மஞ்சள் குழம்பு ஒன்று அவசரமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. அதில் ஒரு கதவு மிதந்து போனது. யாருடைய கதவு என்று தெரியவில்லை. கரையில் வாய் பிளந்த இடம் இன்னும் இடிந்து இடிந்து அகன்றுகொண்டிருந்தது.

தங்கை சொன்னாள். "அண்ணே, அந்தப் பலகையை இறக்கிடு."

"இறக்கிடறேன்மா."

நுரைக்காரர் இறங்கிச் சட்டைப்பையிலிருந்து சின்ன கேஜை எடுத்து இடது பின் சக்கரத்தில் வைத்தார். நாலரை. ஒரு முடி குறையவில்லை. வழக்கமாக இந்த இடத்தில், என் வேலையில ஒண்ணும் கோளாறு இல்ல என்று அவர் நாலு பேர் கேட்கச் சொல்வார். அதைச் சொல்ல அவர் நிமிர்ந்தபோது குழம்பு அடுத்த வளைவைத் தாண்டி, ஊர் இருக்கும் பக்கம் திரும்புவது தெரிந்தது. அதன் விளிம்பு நெடுக, சின்னதாக, பிடிவாதமாக, உடையாமல் நுரை நின்றது.

அவர் குனிந்து வால்வு மூடியைத் திருகப் பார்த்தார். இரண்டு முறை திருகியும் மரை பிடிக்கவில்லை.